சைஸ் ஒன்று, எண் வேறு: தூத்துக்குடி டிரெய்லர்களின் ஜோடி டயர் கணக்கு என்ன?

தூத்துக்குடியில் பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு டிரெய்லர் லாரி புதிதல்ல. துறைமுகச் சாலையிலும், திருநெல்வேலிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 138-லும், மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலை 38-லும் கண்டெய்னரைச் சுமந்தபடி அது நமக்கு இணையாகவே ஓடிக்கொண்டிருக்கும். நம் கைக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் சுழல்வது அதன் பின்பக்க ஜோடி டயர்.

அந்த ஜோடிக்கு எந்த டயர் போடுவது? இரண்டு டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? இடைவெளி பத்தவில்லை என்றால் நடுவில் ஒரு ‘ஸ்பேசர்’ தட்டு வைத்து இறுக்கிவிடலாமா? இதெல்லாம் லாரி உரிமையாளரின் கவலை என்று தோன்றலாம். ஆனால், அந்த முடிவு தப்பினால் பக்கத்தில் போகிறவருக்கும் அடி விழும். ஒற்றை லாரியை நம்பிக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு ஒரு செட் டயர் என்பது சில மாத வருமானம். ஷிப்பிங் ஏஜென்சியிலும் கண்டெய்னர் யார்டுகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள்தான் எந்த வண்டியில் எவ்வளவு ஏற்றுவது என்று தினமும் முடிவு செய்கிறார்கள்.

விஷயம் சுருக்கமாக இதுதான்: டயர் வாங்கும்போது சைஸ் மட்டும் பார்த்தால் போதாது, சுமையைச் சொல்லும் இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும். ஜோடிக்கு நடுவேயான இடைவெளியை ஸ்பேசர் தரக் கூடாது, டிஸ்க்தான் தர வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

முத்து நகரில் ஏன் இத்தனை டிரெய்லர்?

முத்துக்குளிப்புக்குப் பேர்போன கரை இது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்கு 13 ஆண்டுகள் கழித்து, 1974 ஜூலை 11 அன்று, தூத்துக்குடி துறைமுகம் நாட்டின் 10-வது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் இன்னொரு கண்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டது.

கப்பலில் வந்து இறங்கும் மரத்தடியும் கொல்லம் ஆலைகளுக்குப் போகும் முந்திரிக்கொட்டையும் ஒரு பக்கம். வெளிநாடு போகும் திருப்பூர் பனியனும் கரூர் ஜவுளியும் இன்னொரு பக்கம். கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவே பெரும்பாலும் ஓடுவது டிரெய்லர்தான்.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. பனியன் ஏற்றினால் கண்டெய்னர் நிறைந்துவிடும், எடை வரம்பு எட்டியிருக்காது. உப்போ கிரானைட்டோ ஏற்றினால் கண்டெய்னரில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். அதனால் எல்லா கண்டெய்னர் வண்டிக்கும் ஒரே டயர் யோசனை பொருந்தாது.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

ஒரு லாரி டயரின் பக்கவாட்டில் ‘295/80 ஆர் 22.5 152/148 எம்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 295 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் 80 சதவீதம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 22.5 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இது டியூப் இல்லாத டயர். கணக்குப் போட்டால் மொத்த உயரம் சுமார் 1,043 மி.மீ. வரும்.

பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் ‘10.00 ஆர் 20’ டயரில் 10.00 என்பது அங்குலத்தில் அகலத்தைக் குறிக்கும் பழைய முறை, 20 என்பது ரிம் விட்டம். டியூப், ஃப்ளாப், ரிங் எல்லாம் வைத்து மாட்டுவது இந்த வகை. 20 அங்குல ரிம்மில் 22.5 டயர் ஏறாது. மாற வேண்டும் என்றால் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. ‘கே’ என்றால் மணிக்கு 110 கி.மீ., ‘எல்’ என்றால் 120, ‘எம்’ என்றால் 130.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்ததுதான். பலரும் கவனிக்காமல் விடுவது நடுவில் இருக்கும் 152/148.

சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது என்ன?

இவை சுமை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் உலகம் முழுக்க ஒரே கிலோ கணக்குதான். 152 என்றால் 3,550 கிலோ. 148 என்றால் 3,150 கிலோ. முதல் எண், டயர் தனியாக ஓடும்போது அது சுமக்கக்கூடிய எடை. இரண்டாவது எண், அதே டயர் ஜோடியாக ஓடும்போது சுமக்கக்கூடிய எடை.

அதாவது, தனியாக இருந்தால் 3,550 கிலோ தூக்கும் டயர், பக்கத்தில் துணைக்கு ஒன்று வந்ததும் 400 கிலோ குறைவாகத்தான் தூக்க வேண்டும். துணை வந்தால் பாரம் குறையத்தானே வேண்டும், இது என்ன தலைகீழ் கணக்கு என்று தோன்றும்.

காரணம் எளிது. ஜோடியில் இரண்டு டயரும் எடையை எப்போதும் சரிபாதியாகப் பகிர்வதில்லை. சாலை ஓரத்துக்குச் சரிவாக இருக்கும். ஒரு டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருக்கும். கல் மேலோ பள்ளத்திலோ ஏறி இறங்கும் நொடியில் ஒரே டயர் மொத்த பாரத்தையும் தாங்கும். உள் டயர் பிரேக் டிரம் பக்கத்தில் மாட்டிக்கொண்டு கூடுதலாகச் சூடாகும். இதையெல்லாம் சேர்த்துத்தான் ஜோடிக்குக் குறைந்த எண்ணைத் தந்திருக்கிறார்கள். பின்பக்க ஜோடிக்கு டயர் தேர்ந்தெடுக்கிறவர் முதல் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டால் அங்கேயே தப்பு தொடங்கிவிடுகிறது.

இந்த எண்கள் எதுவும் டயர் நிறுவனம் சொன்ன அளவு காற்று இருந்தால்தான் செல்லும். காற்று குறைந்தால் எண் டயரில் மட்டும் இருக்கும், பலம் இருக்காது.

2018-ல் என்ன மாறியது?

இந்தியாவில் ஒரு ஆக்சில் எவ்வளவு சுமக்கலாம் என்பதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிர்ணயிக்கிறது. 2018 ஜூலையில் அந்த வரம்பு உயர்த்தப்பட்டது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை ஆக்சிலுக்கு 19-லிருந்து 21. மூன்று ஆக்சில் தொகுதிக்கு 24-லிருந்து 27. டிரெய்லரோடு சேர்த்து அதிகபட்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்.

இதை டயர் கணக்கில் வைத்துப் பாருங்கள். பழைய 10.2 டன்னை நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 2,550 கிலோ. புதிய 11.5 டன்னை வகுத்தால் 2,875 கிலோ. ஒரு டயருக்கு 325 கிலோ கூடுதல்.

10.00 ஆர் 20 அளவில் 146/143 என்ற எண்ணோடு டயர் உண்டு. 143 என்றால் 2,725 கிலோ. நான்கு டயர் சேர்ந்து 10,900 கிலோ. பழைய வரம்புக்கு இது தாராளம். புதிய வரம்பு வரை ஏற்றினால் கணக்குப்படி 600 கிலோ இடிக்கிறது. அதே 10.00 ஆர் 20 அளவிலேயே 149/146 என்ற எண்ணோடும் டயர் வருகிறது. 146 என்றால் 3,000 கிலோ. நான்கும் சேர்ந்து 12,000 கிலோ. இது போதும்.

இரண்டுக்கும் சைஸ் ஒன்றுதான். கடையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தால் வித்தியாசமே தெரியாது. “அண்ணாச்சி, அதே சைஸ்ல ரேட் கம்மியா எது இருக்கு?” என்று கேட்டால் கைக்கு வருவது 143 ஆகவும் இருக்கலாம்.

வேகம் குறைவாக ஓடினால் டயர் கொஞ்சம் கூடுதல் எடை தாங்கும் என்பது உண்மைதான். அதற்கென்று நிறுவனங்களின் அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையைப் பார்க்காமல் “மெதுவாதானே போறோம், தாங்கும்” என்று வாய்வார்த்தையில் முடிவு செய்வதுதான் சிக்கல்.

18 டயர் வண்டியில் எந்த ஆக்சிலுக்கு எவ்வளவு?

துறைமுகச் சாலையில் ஓடும் 45.5 டன் வண்டியை எடுத்துக்கொள்வோம். இழுக்கும் லாரியின் முன் ஆக்சிலில் இரண்டு டயர், பின் ஆக்சிலில் நான்கு, டிரெய்லரின் மூன்று ஆக்சில்களில் பன்னிரண்டு. எடைப் பங்கீடு 7 + 11.5 + 27 டன்.

முன் டயர்கள்: 7 டன்னை இரண்டால் வகுத்தால் 3,500 கிலோ. தனி டயர் என்பதால் முதல் எண்ணைப் பார்க்க வேண்டும். குறைந்தது 152 வேண்டும்.

இழுக்கும் ஆக்சில்: ஒரு டயருக்கு 2,875 கிலோ. ஜோடி என்பதால் இரண்டாவது எண். குறைந்தது 145 வேண்டும். 145 என்றால் 2,900 கிலோ. அதாவது ஒரு டயருக்கு 25 கிலோ மட்டுமே மிச்சம். 148 போட்டால் 275 கிலோ மிச்சம்.

டிரெய்லர்: 27 டன்னைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,250 கிலோ. ஜோடியில் 137 இருந்தாலே போதும். அது 2,300 கிலோ.

ஒரே வண்டியில் மூன்று இடத்துக்கு மூன்று விதத் தேவை. ஜோடி டயர்களில் அதிக நெருக்கடி இழுக்கும் ஆக்சிலுக்குத்தான். டிரெய்லரில் நன்றாக ஓடிய டயரைக் கழற்றி இழுக்கும் ஆக்சிலில் மாட்டும் பழக்கம் ஆபத்தாவது இங்கேதான். டிரெய்லரில் அது 2,250 கிலோ சுமந்தது. இடம் மாறியதும் 2,875 கிலோ சுமக்கச் சொல்கிறோம்.

கண்டெய்னரை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும். கனமான ஒரு 20 அடி கண்டெய்னரை 40 அடி டிரெய்லரின் முன்பகுதியில் வைத்தால் பாரம் இழுக்கும் ஆக்சிலில் இறங்கும். கடைசியில் வைத்தால் டிரெய்லர் ஆக்சில்களில் இறங்கும். எடைமேடையில் மொத்த எடை சரியாக இருக்கும், ஒரு ஆக்சில் மட்டும் திணறிக்கொண்டிருக்கும். ஏற்றுமதி கண்டெய்னரின் உறுதிசெய்யப்பட்ட மொத்த எடையைக் கப்பலில் ஏற்றும் முன் தெரிவிப்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்கக் கட்டாயம். அந்த எண்ணை கப்பல் நிறுவனத்துக்கு அனுப்புகிறவர் ஓட்டுநருக்கும் ஒரு வாட்ஸ்அப் போட்டால், பாதி பிரச்னை யார்டிலேயே தீரும்.

சரி, பெரிய டயரா போட்டுட்டா முடிஞ்சதா?

இல்லை. இங்கேதான் ஜோடி இடைவெளி வருகிறது.

ஜோடி இடைவெளி என்பது உள் டயரின் நடுக்கோட்டுக்கும் வெளி டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். இதைத் தீர்மானிப்பது டிஸ்க்கின் வளைவு. இரண்டு டிஸ்க்கும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அப்படி ஒட்டும் முகத்திலிருந்து ரிம்மின் நடுக்கோடு வரை உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கினால் ஜோடி இடைவெளி கிடைக்கும்.

ஒரு வண்டியின் ஜோடி இடைவெளி 320 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10.00 ஆர் 20 டயரின் அகலம் சுமார் 278 மி.மீ. கழித்தால் இரண்டு டயருக்கும் நடுவே 42 மி.மீ. காலி இடம். அதே டிஸ்க்கில் 293 மி.மீ. அகலமுள்ள 11.00 ஆர் 20 போட்டால் மிஞ்சுவது 27 மி.மீ. மட்டும். இது பாரம் இல்லாதபோது எடுத்த அளவு. பாரம் ஏறியதும் டயரின் அடிப்பகுதி புடைக்கும். காற்று குறைந்திருந்தால் இன்னும் புடைக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு டயரின் பக்கச்சுவரும் ஒன்றையொன்று உரசும்.

உரசினால் சூடு. சூட்டில் ரப்பர் இளகி, உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் தளரும். மே மாத வெயிலில் தார்ச்சாலையே கொதிக்கும்போது உள் டயர் வெளியே தெரியாமல் வெந்துகொண்டிருக்கும். உரசாவிட்டாலும், இடுக்கு குறைந்தால் காற்றோட்டம் குறையும், நடுவில் கல் வந்து செருகிக்கொள்ளும். அந்தக் கல் பக்கச்சுவரை அறுக்கும். வேகத்தில் கழன்றால் பின்னால் வரும் பைக்கை நோக்கிப் பறக்கும்.

அதனால்தான் டயர் நிறுவனங்கள் ஒவ்வொரு சைஸுக்கும் ‘குறைந்தபட்ச ஜோடி இடைவெளி’ என்று ஒரு அளவைத் தங்கள் விவரப்புத்தகத்தில் தருகின்றன. பெரிய டயருக்கு மாற நினைப்பவர் விலைப்பட்டியலுக்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஸ்பேசர் வைத்தால் என்ன?

இடைவெளி பத்தவில்லை என்றதும் பலருக்கும் தோன்றும் குறுக்குவழி, இரண்டு டிஸ்க்குக்கும் நடுவே ஒரு இரும்பு வளையத்தை வைத்து இறுக்கிவிடுவது. பின்னால் நான்கு டயர் வைத்த, அமெரிக்கர்கள் ‘டூலி’ என்று அழைக்கும் பிக்கப் வண்டிகளுக்கு ஸ்பேசர் மாட்டும் வீடியோக்கள் யூடியூப்பில் நிறைய கிடைக்கும். கார்களுக்கான அலுமினிய ஸ்பேசர் இங்கேயே ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால், கண்டெய்னர் சுமக்கும் ஆக்சிலின் கதை வேறு.

லாரியில் சக்கரத்தைப் பிடித்திருப்பது எது என்று கேட்டால், ஸ்டட் என்றுதான் பலரும் சொல்வார்கள். பாதிதான் சரி. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் பேண்ட் மாதிரி நுண்ணிய அளவு இழுபட்டு, டிஸ்க்குகளை ஹப்போடு சேர்த்து நெரிக்கிறது. அந்த அழுத்தத்தில் பரப்புகளுக்கு நடுவே உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை நகராமல் வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் டிஸ்க் அசையத் தொடங்கும். அசைவு ஸ்டட்டை வளைத்து வளைத்து ஒடிக்கும். ஒன்று ஒடிந்தால் அதன் பாரம் அடுத்ததன் மேல். பிறகு சக்கரமே கழன்று ஓடும்.

ஸ்பேசர் இந்தப் பிடியை நான்கு வழிகளில் கெடுக்கிறது. முதலாவது, ஒட்டும் பரப்பு ஒன்று கூடுகிறது. பெயின்ட்டோ துருவோ பிசிறோ இருந்தால், ஓடும்போது அது நசுங்கி பிடி தளரும். இரண்டாவது, ஸ்டட்டின் நீளம் பத்தாமல் போகும். 20 மி.மீ. வளையம் வைத்தால் நட்டு ஏற வேண்டிய மரையில் 20 மி.மீ. போய்விட்டது என்று அர்த்தம். மூன்றாவது, ஹப்பின் நடுவிளிம்பில் சக்கரம் உட்காரும் வண்டிகளில் அந்த விளிம்பு இரண்டு டிஸ்க்குக்குத்தான் அளவெடுத்து வைத்திருக்கும். ஸ்பேசர் தள்ளிவிட்டால் வெளி டிஸ்க்குக்கு உட்கார இடம் இருக்காது. நான்காவது, வெளி டயர் தள்ளிப் போவதால் பேரிங் மேல் விழும் நெம்பு கூடும்.

25 மி.மீ. ஸ்பேசரை இரண்டு பக்கமும் வைத்தால் வண்டி 50 மி.மீ. அகலமாகும். லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. மட்கார்டுக்கு வெளியே பிதுங்கும் டயர், முந்திப் போகும் பைக்குக்கு அந்த அளவு நெருக்கமாகிறது.

அப்படியானால் அகல டயரே போடக் கூடாதா? போடலாம். அந்த டயருக்கு ஏற்ற ரிம் அகலமும் சரியான வளைவும் உள்ள டிஸ்க்கை, வண்டி நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதித்ததைப் பார்த்து மாற்ற வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் இடைவெளி டிஸ்க்கிலேயே வந்துவிடும், நடுவில் மூன்றாவது ஆள் தேவையில்லை.

புது டயர் பக்கத்தில் பழைய டயர்: 15 மீட்டர் இழுவை

ஜோடியில் ஒன்று வெடித்துவிட்டது. ஸ்டெப்னியில் புது டயர் இருக்கிறது. மாட்டிவிட்டுக் கிளம்பலாமா?

புது டயரின் பட்டன் ஆழம் 16 மி.மீ., பக்கத்தில் ஓடிய டயரில் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் 16 மி.மீ. வித்தியாசம். ஒரு சுற்றுக்கு சுமார் 50 மி.மீ. வித்தியாசம். இந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 300 சுற்று சுற்றும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 15 மீட்டர். இரண்டும் ஒரே ஹப்பில் இறுக்கப்பட்டவை, தனித்தனியே சுற்ற முடியாது. எனவே அந்த 15 மீட்டர் முழுக்க டயர் தரையில் தேய்ந்துகொண்டே போகும். துறைமுகத்திலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 50 கி.மீ. அதற்குள் முக்கால் கிலோமீட்டர் இழுவை.

கூடவே, உயரமான புது டயர்தான் அதிக பாரத்தைச் சுமக்கும். புதுசு சீக்கிரம் சூடாகும், பழசு சீக்கிரம் தேயும். கனரக வண்டிகளில் ஜோடி டயர்களின் விட்டம் 6 மி.மீ.க்குள், அதாவது பட்டன் ஆழத்தில் 3 மி.மீ.க்குள், ஒத்துப்போவது நல்லது. அவசரத்துக்கு ஸ்டெப்னி மாட்டலாம். ஊர் வந்ததும் ஒத்த தேய்மானம் உள்ள டயரோடு ஜோடி சேர்த்துவிட வேண்டும். ரேடியலோடு நைலான் டயரை ஜோடி சேர்க்கவே கூடாது.

உப்புக்காற்று என்ன செய்யும்?

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. உப்பளச் சாலையிலும் கடலோரத்திலும் ஓடும் வண்டியின் இரும்பு டிஸ்க், ஸ்டட், நட்டு எல்லாமே சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த மரையில் நட்டை இறுக்கினால் பானா கனமாக இருக்கும், இறுகிவிட்ட மாதிரி தெரியும். ஆனால் அந்தப் பலம் துருவைத் தள்ளுவதிலேயே போயிருக்கும், டிஸ்க்கைப் பிடிக்கப் போயிருக்காது.

அதனால் மாட்டும் முன் ஹப், டிஸ்க் முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்வதும், டார்க் பானாவால் நிறுவனம் சொன்ன அளவுக்கு எதிரெதிர் வரிசையில் இறுக்குவதும் இங்கே ரொம்ப முக்கியம். மாட்டிய பின் 50 கி.மீ. போல ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். நட்டைச் சுற்றி டிஸ்க்கில் துருக்கோடு வழிந்திருந்தால், அந்த நட்டு தளர்ந்து அசைகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

உள் டயரில் காற்று இருக்கிறதா என்று கம்பியால் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். முழுதாக இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும். 20 பி.எஸ்.ஐ. குறைந்ததைச் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு கேஜ்தான் வழி. உள் டயரின் வால்வு கைக்கு எட்டாவிட்டால் நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளலாம்.

காற்றாலை இறக்கை வண்டிக்கு ஏன் குட்டி டயர்?

இதே துறைமுகத்துக்கு 70 மீட்டருக்கும் நீளமான காற்றாலை இறக்கைகளும் வந்து போகின்றன. டிரான்ஸ்பார்மர் மாதிரியான பெரும்பாரங்களைச் சுமக்கும் ஹைட்ராலிக் டிரெய்லர்களைப் பார்த்தால், டயர் சின்னதாக இருக்கும், எண்ணிக்கை மட்டும் ஏராளமாக இருக்கும். 215/75 ஆர் 17.5 என்ற அளவு இவற்றில் அதிகம். உயரம் சுமார் 767 மி.மீ.தான். 135/133 எண் கொண்ட டயர் ஜோடியில் 2,060 கிலோ தாங்கும். சின்ன டயர் என்பதால் தளம் தாழ்வாக இருக்கும், சரக்கு மின்கம்பியிலும் பாலத்திலும் இடிக்காது. ஒரு டயருக்குக் குறைந்த பாரத்தை, நிறைய டயர்களுக்குப் பங்கிட்டு, மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். அதிக எடை என்றால் பெரிய டயர் என்ற பொது எண்ணத்துக்கு இது நேர் எதிர். அங்கேயும் முடிவு செய்வது ஒரு டயருக்கு எத்தனை கிலோ என்ற கணக்குதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆக்சில் வரம்பு உயர்ந்துவிட்டது என்பதற்காகப் பழைய வண்டியில் கூடுதலாக ஏற்ற முடியாது. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைதான் அந்த வண்டிக்கு வரம்பு.

2019 செப்டம்பர் 1 முதல் அமலான திருத்தத்தின்படி, அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 3 டன் அதிகம் என்றால் 26,000 ரூபாய். லாரி டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையவும் கூடாது. விபத்து நடந்து, ஸ்பேசர் மாதிரியான மாற்றம் இருந்தது தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் சிக்கல் வரலாம்.

டயர் கடைக்குப் போகும் முன்…

* ஆர்.சி.யில் உள்ள ஆக்சில் எடையை எடுத்து, அந்த ஆக்சிலின் டயர் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த கிலோவை விடக் கொஞ்சமாவது கூடுதலாகத் தாங்கும் சுமை எண்ணைத் தேடுங்கள். ஜோடிக்கு இரண்டாவது எண், முன் டயருக்கு முதல் எண்.

* வண்டி நிறுவனத்தின் கையேட்டில் அனுமதித்த டயர் அளவும் ரிம் அளவும் இருக்கும். அதற்குள் மட்டும் மாறுங்கள்.

* புதிய சைஸ் என்றால் அதன் குறைந்தபட்ச ஜோடி இடைவெளியைக் கேளுங்கள். உங்கள் டிஸ்க் அதைத் தராவிட்டால் டிஸ்க்கை மாற்றுங்கள், அல்லது அந்த டயரை விட்டுவிடுங்கள்.

* ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம்.

* டயரைத் தனியாக வாங்காமல் ஜோடியாக வாங்கப் பாருங்கள். முடியாவிட்டால் பட்டன் ஆழத்தை அளந்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் தேவைப்படுவது செல்போனில் இருக்கும் கால்குலேட்டரும், ஒரு கேஜும், டயரின் பக்கவாட்டைக் குனிந்து படிக்க இரண்டு நிமிடமும்தான். சைஸைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அந்த டயர் எந்த ஆக்சிலில், எத்தனை கிலோ பாரத்தோடு, யாருக்குப் பக்கத்தில் ஓடப்போகிறது என்பது வண்டிக்காரருக்குத்தான் தெரியும்.